அக்கம்பக்கத்து வீடுகளோடு பண்டிகை: பிள்ளைகள் கையில் வேலை கொடுங்கள்

என் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் இருக்கிறது. பண்டிகை நெருங்கினால் தெருவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது அதன் பக்கத்தில் நின்று அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருக்குத் தோள் விரிந்திருக்கிறது, யார் போன வருடத்தைவிட இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் பண்டிகை நாளன்று பார்த்தால், நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் தன் வயதில் ஒரு பிள்ளை இருப்பதே சிலருக்குத் தெரியாது. அது என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பண்டிகைக்கு எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட்டோம். அன்றிலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு தடவை நடக்கிறது. 11 வீடுகள், 14 பிள்ளைகள்.

இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் எல்லாவற்றையும் செய்தால், அந்தக் கொண்டாட்டம் ஒரு வருடத்தோடு நின்றுவிடும். பிள்ளைகள் கையில் நிஜமான வேலை இருந்தால், அடுத்த வருடம் அவர்களே வந்து கதவைத் தட்டுவார்கள். கீழே நான் சொல்வது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

வீடு வீடாகப் போங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் எல்லாருக்கும் போய்விடும். ஆனால் "அழைத்தார்கள்" என்று யாருக்கும் தோன்றாது. முதல் வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம், நான்கு வீட்டார்தான் வந்தார்கள். அடுத்த தடவை நானும் எதிர்வீட்டு அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு படியாக ஏறினோம். கூடவே அவர்கள் வீட்டு ஏழு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டோம். பெரியவர்கள் இரண்டு பேர் போய் நின்றால் நன்கொடை வசூலோ என்று பார்ப்பார்கள். கூட ஒரு பிள்ளை நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். என்னிடம் இருப்பது அளவு எழுதும் நோட்டு, அதன் கடைசிப் பக்கங்களில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கேட்க வேண்டியவை: பிள்ளைகளின் பெயர், வயது. என்ன சாப்பிட மாட்டார்கள், எது உடம்புக்கு ஆகாது. படுத்திருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குபவர் யாராவது இருக்கிறார்களா. எந்தெந்தப் பண்டிகை அவர்களுக்கு முக்கியம். கடைசியாக, எந்த நேரம் தோதுப்படாது.

சில வீட்டில் "நாங்கள் பண்டிகை கொண்டாடுவதில்லை" என்பார்கள். மத நம்பிக்கையாக இருக்கலாம், அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம். காரணம் கேட்காதீர்கள். "சரி, பிள்ளை விளையாட வந்தால் வரட்டும், நீங்களும் எப்போது தோன்றினாலும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். துக்கம் நடந்த வீட்டுக்கு அன்று ஒரு பெரியவர் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. தெருவே சத்தமாக இருக்கும்போது அவர்கள் தனியாக இருக்கக் கூடாது.

ஒரு வருடம் முழுவதற்கும் நாள்காட்டி

பல மதத்தவர்கள் இருக்கும் இடத்தில் ஒரே பண்டிகையை மட்டும் சேர்ந்து கொண்டாடினால், மற்ற வீட்டுப் பிள்ளைகள் என்றைக்கும் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். ஆகவே ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எல்லா வீட்டுப் பண்டிகைகளையும் பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு ஒரு நல்ல பாடமாகவும் இருக்கும்.

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, அது மாறாது. ஆனால் ரஷ்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளின் கீழைத் திருச்சபைகளில் பலவற்றுக்கு அது ஜனவரி 7. ஈஸ்டர் எப்போதும் ஞாயிறுதான், மேலைத் திருச்சபைகளில் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கேயும் வரலாம், கீழைத் திருச்சபைகளில் பெரும்பாலும் அதற்குப் பிந்தி வரும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் அமாவாசையை ஒட்டி வரும். இஸ்லாமிய ஆண்டு முழுக்க நிலவை வைத்துக் கணக்கிடுவது, 354 அல்லது 355 நாள்தான். அதனால் ஈகைப் பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். எங்கள் தெருப் பையன் ஒருவன் இதைத் தானே கணக்குப் போட்டு, "அப்போ முப்பத்து மூணு வருஷத்துல ஒரு சுத்து சுத்தி வந்துடும்" என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறை பார்த்து முடிவாகும் பெருநாளுக்கு நாளைக் கறாராகக் குறிக்க முடியாது. அந்த வீட்டாரிடம் கேட்டு, பெருநாளுக்கு அடுத்து வரும் விடுமுறை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே பண்டிகை நாளின் காலை அவரவர் குடும்பத்துக்கு உரியது. பூஜையோ தொழுகையோ ஆராதனையோ இருக்கும், உறவுக்காரர்கள் வருவார்கள். தெருவோடு சேர்வதற்கு அன்று சாயங்காலமோ அடுத்த நாளோதான் பொருத்தம். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள், அழுகையில்தான் முடியும்.

எந்தப் பண்டிகையும் வேண்டாம், பொதுவாக ஒரு நாள் போதும் என்று நினைக்கிற இடமும் உண்டு. பாரிஸில் 1999-இல் அத்தனாஸ் பெரிஃபான் என்பவர் தன் வட்டாரத்தில் அண்டை வீட்டார் நாள் என்று ஒன்றைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு தட்டு உணவும் கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்து பேசுவதுதான் அதன் அடிப்படை. இப்போது பல நாடுகளில் மே மாதக் கடைசியை ஒட்டி அது நடக்கிறது. உங்கள் இடத்தில் பண்டிகைகள் ஒத்துவராவிட்டால் இப்படி ஒரு நாளிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளுக்கு வேலை

இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை என்றால் ஒப்புக்குக் கொடுப்பது இல்லை. அந்தப் பிள்ளை செய்யாவிட்டால் அது நடக்காது என்கிற மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் முதலிலேயே செய்து முடித்ததைத் திரும்பச் செய்யச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

எங்கள் தெருவில் மூன்று நான்கு வயதுக்காரர்கள் வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரை உள்ளவர்கள் எத்தனை தட்டு, எத்தனை டம்ளர் என்று எண்ணி அடுக்குவார்கள். எட்டிலிருந்து பத்து வரை அழைப்பு எழுதுவது, உணவு மேசையில் எதில் என்ன இருக்கிறது என்று அட்டை எழுதி வைப்பது. பதினொன்று பன்னிரண்டு வயதுக்காரர்கள்தான் விளையாட்டுகளை நடத்துவார்கள், விதிமுறையையும் அவர்களே முடிவு செய்வார்கள். பதின்மூன்று தாண்டியவர்களிடம் பணக் கணக்கைக் கொடுங்கள். எல்லாவற்றையும் வேண்டாவெறுப்பாகப் பார்க்கும் வயது அது. ஆனால் காசுப் பெட்டியையும் கணக்கு நோட்டையும் நம்பி ஒப்படைத்துவிட்டால் அதே பிள்ளை ஒரு ரசீது விடாமல் எழுதி வைக்கும்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மாடி வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் பேசுகிற மொழி வேறு. ஆறு வயதுப் பெண் அம்மாவின் புடவைத் தலைப்பை விடவே மாட்டாள். தயாரிப்புக்காக எல்லாப் பிள்ளைகளும் என் முன்னறையில் கூடியிருந்தார்கள். வெட்டியது போக மிச்சம் கிடக்கும் துண்டுத்துணிகளில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி நீளக் கயிற்றில் வைத்துத் தைப்பது எங்கள் தோரணம். அந்தப் பெண் கதவருகிலேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. குண்டூசி டப்பாவைத் திறந்து, முக்கோணத்தின் மேல் விளிம்பை மடித்து, ஒரு ஊசியைக் குறுக்கே குத்திக் காட்டிவிட்டு, அடுத்த துண்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். விளிம்பை நகத்தால் நீவி நீவி மடித்தாள். ஊசியின் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி குத்தினாள், அதை நான் சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை. நான்கு முழம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த பையன் அவளிடம் தன் துண்டை நீட்டி, "இதையும் குத்தித் தா" என்றான். அவளுக்கு மொழி புரிந்திருக்காது. வாங்கிக் குத்திக் கொடுத்தாள்.

அதனால் கூச்சப்படும் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். கைக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதே வேலை செய்கிற இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேச்சு தானாக வரும்.

இந்தத் தயாரிப்புக் கூட்டத்தைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் வையுங்கள், இரண்டு மணி நேரம் போதும். உண்மையில் பிள்ளைகளுக்கு இடையில் நட்பு உண்டாவது அன்றுதான். ஊசி, கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சிறியவர்களுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரிடமும் ஒரே தொகை கேட்காதீர்கள். வாசலில் ஒரு மூடிய பெட்டி வையுங்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. முடியாத வீட்டார் பாய், விளக்கு, உழைப்பு எதையாவது கொண்டுவரட்டும். செலவைத் தாளில் எழுதி மறுநாள் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அன்பளிப்பு கொடுப்பதாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான். ஒரு பிள்ளைக்குப் பெரிய பொம்மை, இன்னொன்றுக்குப் பென்சில் என்றால் அந்தப் பென்சில் வாங்கிய பிள்ளைக்கு அது பல வருடம் மறக்காது.

சாப்பாடு

இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் ஒரு இனிப்பை வாயில் போட்ட சில நிமிடங்களில் உதடு தடித்து, கழுத்தெல்லாம் சிவப்பாகத் திட்டுத் திட்டாகக் கிளம்பிவிட்டது. அதில் வேர்க்கடலை அரைத்துச் சேர்த்திருந்தது செய்தவருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. பையனுக்குக் கடலை ஆகாது என்பது அவன் அம்மாவுக்குத் தவிர யாருக்கும் தெரியாது. நல்லவேளை, மருந்து பையில் இருந்தது, மருத்துவமனைக்கும் சீக்கிரம் போய்விட்டார்கள். அந்த அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் கையில் அந்த இனிப்பின் மிச்சம் இருந்தது. அதிலிருந்து எங்கள் மேசையில் அட்டை இல்லாத பாத்திரம் இருக்காது.

அட்டையில் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கடலை, முந்திரி மாதிரிக் கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால் நண்டு வகை, இவற்றில் எது இருந்தாலும் எழுத வேண்டும். ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குபவை இவைதான். எள்ளைப் பலரும் மறந்துவிடுவார்கள். கூடவே சைவமா அசைவமா என்பதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி. அதை மாற்றிப் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையை நிறுத்துங்கள், எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கரண்டிக் காவலர். பொறுப்பான பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கேட்கும் பதவி அது.

கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால், ஊசி மருந்து எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று பெற்றோரைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக் கொட்டைகள் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, யாரும் அன்பாக விரலால் தொட்டு வைத்துவிடாமல் பாருங்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

நோன்பு இருப்பவர்கள், சூரியன் மறைந்தபின் சாப்பிடாதவர்கள், கிழங்கு வகை சேர்க்காதவர்கள் என்று பல வீடு இருக்கும். அதற்குத்தான் அந்த நோட்டு. எல்லாருக்கும் பொதுவாக நறுக்கிய பழமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். யாரும் வெறும் தட்டோடு நிற்கக் கூடாது.

தீ, பலூன், பொத்தான் பேட்டரி

பண்டிகை என்றால் ஏதாவது ஒரு வகையில் வெளிச்சம் இருக்கும். மெழுகுவர்த்தி, அகல் எதுவானாலும் பிள்ளையின் இடுப்புக்கு மேலான உயரத்தில், திரைச்சீலையிலிருந்து தள்ளி. தொங்கும் தாவணி, அகலக் கை, நைலான் துணி, இதெல்லாம் தீப்பக்கம் ஆகாது. தைக்கிறவள் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்வேன்: நெருப்பு இருக்கும் நாளுக்குப் பிள்ளைக்கு உடம்போடு ஒட்டிய பருத்தித் துணி தைக்கச் சொல்லுங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கம்பி மத்தாப்பு பார்க்க அழகாகச் சாதுவாக இருக்கும், ஆனால் அதன் நுனி ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகிறது. அணைந்த பிறகும் கம்பி சூடாகத்தான் இருக்கும், வெறுங்காலில் மிதிப்பது அப்போதுதான். ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை அதில் போடுவதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே கையில் கொடுக்கவே வேண்டாம். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மை எதுவும் தடவக் கூடாது.

பலூன் ஊதுவதும் உடைந்த துண்டுகளைப் பொறுக்குவதும் பெரியவர் வேலை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஊதாத பலூனையோ கிழிந்த துண்டையோ வாயில் வைத்தால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அப்புறம் மினுக்கும் சின்ன விளக்குகள், பாட்டுப் பாடும் அட்டைகள். இவற்றுக்குள் பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கிறது. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். மூடிக்குத் திருகாணி இருக்கிற விளக்குகளாகப் பார்த்து வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைதான்.

சத்தம் வேண்டாத இடம் ஒன்று

எந்தக் கூட்டத்திலும் ஒரு அறையையோ திண்ணையையோ அமைதிக்கு ஒதுக்குங்கள். பாய், தலையணை, சில படப் புத்தகங்கள், மங்கலான வெளிச்சம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, பால் குடிக்கும் குழந்தைகளுக்கு, முட்டி வலிக்கிற பாட்டிகளுக்கு, காரணமே இல்லாமல் அழுகை வந்துவிட்ட ஒருவனுக்கு என்று அந்த அறை ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. அங்கே ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் எத்தனை மணிக்கு நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எல்லா வீட்டிலும் சொல்லி, அந்த நேரத்துக்கு நிறுத்திவிடுங்கள்.

படம் எடுப்பதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் படம் வெளியே போவதை விரும்பாத பெற்றோர் உண்டு. எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான் எடுப்பார், தெருக்காரர்களுக்கு மட்டும் அனுப்புவார்.

பிள்ளைகளுக்குள் சண்டை வரும். பெரியவர்கள் தன் பிள்ளைக்காகப் பேசப் போனால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகிவிடும். ஆகவே சண்டையை விலக்கப் போகிறவர் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் உறவில்லாதவராக இருக்க வேண்டும் என்று நாங்கள் முதலிலேயே பேசி வைத்திருக்கிறோம். மூன்றாம் வீட்டு மாமா போய் இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்துகொள்வார். பாதி தீர்ந்துவிடும்.

முடிந்த பிறகு

கடைசி அரைமணி நேரம் எல்லாரும் சேர்ந்து பெருக்கிக் கழுவுவதற்கு. பெண்கள் மட்டும் பாத்திரத்தோடு நிற்கிற நிலை வரக் கூடாது. ஆண்களையும் பையன்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுங்கள், தயங்காமல் செய்வார்கள்.

மறுநாள் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அடியில் வீட்டு எண் எழுதி ஒட்டியிருந்தால் போதும். இரண்டு பேராக, வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளாக அனுப்புங்கள். போன வருடம் ஒரு மூடி யாருடையது என்று தெரியாமல் இரண்டு பையன்கள் 11 வீட்டையும் ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்து ஏதாவது கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்த வாரத்துக்குள்ளேயே நோட்டை எடுத்து எது சரிவரவில்லை என்று எழுதி வையுங்கள், பிள்ளைகளிடமும் கேளுங்கள். எங்கள் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது: பாய் குறைவு, விளையாட்டு இரண்டு போதும், கைகழுவும் இடத்தில் ஒரு முக்காலி. தோரணத்தை மடித்துத் துணிப்பையில் போட்டு, அடுத்த பண்டிகை எந்த வீட்டுடையதோ அந்த வீட்டில் கொடுத்துவிடுவோம். இப்போது அது மாடி வீட்டில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதாகிறது. நேற்று வந்து, இரண்டு முக்கோணம் பிரிந்துவிட்டது, ஊசி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.